கூட நிக்கற ஆளு

உக்காருங்க தம்பி, இந்தச் சேருல உக்காருங்க. அங்க ஃபேன் காத்து வராது. பையனுக்குங்களா? கன்னம் வீங்கியிருக்குதே, கடவாப் பல்லுங்களா? அதானே பாத்தேன். பேரென்னங்க? கிருத்திக்கா. நல்ல பேரு. ஏஞ்சாமி, ரொம்ப வலிக்குதா? பயப்படாதே. ஒண்ணுமே பண்ண மாட்டாங்க.

மொதத் தடவையா வர்றீங்களாட்ட இருக்குது. அப்பிடின்னா உங்களுக்கு ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இந்த டாக்டரம்மா கைராசிக்காரங்கதா, இல்லைங்கல. கோபி சுத்துவட்டாரத்துல கொழந்தைகளுக்குப் பல்லுன்னா இங்கதா வருவாங்க. ஆனா ஒரு கெட்ட பழக்கமுங்க. பெத்தவங்கள உள்ள விட மாட்டாங்க. பெத்து, வளத்தி, தோள்ல போட்டுத் தூக்கியாந்தவன் வெளிய மீன் தொட்டியப் பாத்துட்டு உக்காரோணும். அவங்க உள்ள கதவச் சாத்திக்குவாங்களாமா.

அந்தம்மா போகுதேங்கறீங்களா? அது மடிக் கொழந்தைங்க. அதைய இதுல சேத்தாதீங்க. அதுக்கு முன்னால போனவருங்களா? அவுரு, அது வேற, அவுரு பேசவே மாட்டாரு போல. உம்முனு இருக்கறவங்கள உட்டுடறாங்க. நாலு வார்த்த ஆதரவாப் பேசற ஆளத்தா வெளிய தள்ளறாங்க.

என்ற பேரு லோகநாதனுங்க. நம்பியூருப் பக்கம் ஆயில் மில்லு வெச்சிருக்கறேன். அதாங்க மீன் தொட்டிகிட்ட மஞ்சக் கவுனு போட்டுட்டு நிக்குதே, அது என்ற பொண்ணு, தருணிகா. ரெண்டாப்புப் படிக்கறா. பக்கத்துல உக்காந்திருக்கறது எங்கூட்டுக்காரம்மா பூங்கொடி. அவ ஒரு வாயில்லாப் பூச்சிங்க. வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசியிருப்பாளா, பாருங்க.

நான் அப்பிடியில்லீங்க தம்பி. எங்கூருப் பக்கம் யாரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொத ஆளா நாந்தா போயி நிப்பேன். பிரசவமா, கைகாலு முறிஞ்சுதா, எதானாலும் லோகநாதனக் கூப்புடுன்னுதா சொல்லுவாங்க. கூப்புடலைன்னாலும் போயிருவேன். போன வருசம் எங்க பக்கத்துத் தோட்டத்து ராக்கியப்பண்ணனுக்குக் கொடல் எறக்கம் ஆபரேசன். அவுரு யாருகிட்டயுஞ் சொல்லாமப் போயிப் படுத்துட்டாரு. எனக்குச் சேதி வந்ததும் மில்ல அப்பிடியே போட்டுட்டு ஓடினேன். ஆபரேசன் ரூமு வாசல்ல அவுரு கையப் புடிச்சு, "அண்ணா, இதே ஆபரேசனுக்குப் போன எங்க மாமன் திரும்பி வல்லீங்க, ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கறேன்"னு சொன்னேன். பாசத்துல அவுருக்குப் பிரசரு ஏறிப்போச்சுங்க. ஆபரேசனையே ஒரு நாளு தள்ளி வெச்சாங்கன்னாப் பாத்துக்குங்க. அந்தளவுக்கு மனுசன் உருகிட்டாரு.

நம்ம பக்கத்து வழக்கம் அதானுங்களே. ஆஸ்பத்திரியில ஒருத்தரத் தனியா உட்டுட்டு வருவமா? சோறு கட்டிக் குடுத்து, வராந்தாவுல பாய விரிச்சுப் படுத்துக்கறவங்க நாம. அப்பிடியிருக்கறப்ப நான் பெத்த புள்ளைய ஒட்டுக்கா கூட்டீட்டு உள்ள போகக்கூடாதுன்னா என்னங்க ஞாயம்?

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

எங்க பொண்ணு ரொம்பப் பொறுமைசாலிங்க. என்னைய மாதிரி. பல்லு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒரு பக்கமாவே மென்னு தின்னுட்டு இருந்திருக்கறா, எங்களுக்குத் தெரியாது. தலகாணிய அந்தப் பக்கமாவே அமுத்திப் படுத்துக்குவா, தூக்கம்னு நெனச்சோம். கன்னம் பன்னு மாதிரி வீங்கினப்பறந்தா எங்கூட்டுக்காரம்மா பாத்துட்டு வாயத் தொறக்கச் சொன்னா. தொறந்தா, கடவாப் பல்லு ஓட்டையாகி உள்ளாற கருப்பா இருக்குது. "ஏஞ்சாமி, வலிக்கலையா?"ன்னு கேட்டேன். "இல்லப்பா, வலிக்கவே இல்ல"ங்கறா. கண்ணுல தண்ணி கொட்டுது, வாயி வலிக்கலைங்குது. அந்த மன உறுதி யாருக்கு வரும் சொல்லுங்க.

செரின்னு கூட்டியாந்தோம். மொதத் தடவ எல்லாருமே வந்தோம். நானு, பூங்கொடி, என்ற மச்சான் தனசேகரு, அப்பறம் பக்கத்தூட்டு அக்கா, அவங்க கோபியில சேல எடுக்கோணும்னாங்க, அப்பிடியே வந்துட்டாங்க. டாக்டரம்மா கதவத் தொறந்து எங்களையெல்லாம் ஒரு பார்வ பாத்துது. "எல்லாரும் வர்றீங்களா?"ன்னு கேட்டுது. ஆமாங்கன்னு உள்ள போயிட்டோம்.

நாங்க ஏற்கனவே பேசி வெச்சுட்டுத்தா வந்திருந்தோமுங்க. புள்ள துள்ளாம இருக்கோணுமில்ல? நான் தலையப் புடிச்சுக்கிட்டேன். மச்சான் ரெண்டு காலையும் சேத்துப் புடிச்சுக்கிட்டான். அக்கா கையி. பூங்கொடி மட்டும் சும்மா செவுத்தோரமா நின்னுட்டு இருந்தா. நாங்க மூணு பேரும் "வலிக்காது தங்கம், வலிக்காது தங்கம்"னு ஒரே கொரல்ல சொல்லிட்டே இருந்தோம். புள்ள வாயத் தொறக்கல. நாந்தா வெரல உட்டுத் தொறந்தேன். நல்லாக் கடிச்சுப் போட்டா. பாருங்க, இன்னும் தழும்பு இருக்குது.

டாக்டரம்மா எந்திரிச்சுத் தள்ளி நின்னுட்டுக் கேக்குது, "நான் இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலையே. கண்ணாடிய வெச்சுப் பல்ல எண்ணலாம்னு பாத்தேன். எதுக்குப் புடிச்சிருக்கீங்க?"

எண்ணறதுக்கா இல்ல புடுங்கறதுக்கான்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? எதுக்கும் முன்ஜாக்கிரதையா இருக்கறது தப்புங்களா?

அன்னைக்கு ஒண்ணும் ஆகல. வீக்கத்துக்கு மருந்து எழுதிக் குடுத்து, அடுத்த தடவ ஒருத்தரு மட்டும் கூட வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. ஒருத்தருன்னா நாந்தானே? அதுல என்னங்க சந்தேகம்.

ஏஞ்சாமி கிருத்திக், அப்பா மடில ஏறிக்கிட்டயா? உனக்கு அதெல்லாம் இல்ல சாமி, உன்னையப் புடிக்கறதுக்கு உங்கப்பா ஒருத்தருதான வந்திருக்கறாரு.

ரெண்டாந்தடவ நானும் பொண்ணும் மட்டும் உள்ள போனோம். நல்லாத்தா ஆரம்பிச்சாங்க. ஆனா இந்த டாக்டரம்மா புள்ளைகிட்ட வாயத் தொறந்தாப் பொய்யிங்க. ஊசிக்குப் பேரு ஊசி இல்லையாமா. "பல்லுக்குத் தூக்கம் வர்ற மருந்து, ஒரு சொட்டு வெக்கப்போறேன்"ங்குது. எனக்குப் பொறுக்கல. புள்ளைய ஏமாத்தலாமுங்களா? நான் எங்க பொண்ணுகிட்ட எப்பவுமே உண்மையத்தா பேசுவேன். "தங்கம், அது ஊசிதா, ஈறுல குத்துவாங்க, எறும்பு கடிச்சாப்பல இருக்கும், அப்பா பக்கத்துலயே இருக்கறேன், நீ ஊசியப் பாக்காதே, அப்பா மூஞ்சியப் பாரு"ன்னேன். அவ என்ற மூஞ்சியப் பாத்தா. என்ற கண்ணுல தண்ணி வந்துட்டுது தம்பி. புள்ளைக்கு வலிக்குமேன்னு நெனச்சா யாருக்குத்தா வராது. நான் அழுகறதப் பாத்துட்டு அவ என்ற கன்னத்தத் தொடச்சு உட்டா. ஊசி போட்டுக்கப் போறவ, எனக்குத் தொடச்சு உடறா. இப்பிடியொரு பொண்ணு யாருக்குக் கெடைக்கும்.

டாக்டரம்மா ஊசிய ஒளிச்சு வெச்சுட்டு, செரி, மொதல்ல மிசினக் காட்டறேன்னுட்டு ஒரு சின்னக் கருவி எடுத்துது. பேனா மாதிரி இருந்துது. "இது பல்லு கழுவற மிசின், உன்ற நகத்துல வெச்சுக் காட்டட்டுமா?"ன்னு கேட்டு ஓட உட்டுது. கீய்யின்னு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க, எங்க பொண்ணு அலறிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டா. உக்காந்துட்டுக் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "இது சின்னதா இருக்குது. போன்ல கேக்குமே, அந்தப் பெரிய மிசினு எங்க இருக்குது?"

டாக்டரம்மாவுக்குப் புரியல. "எந்தப் போனு?"ங்குது.

நாந்தா வெளக்கிச் சொன்னேன். அதுல ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது. எங்க பொண்ணு சோறு திங்க மாட்டா. தட்டு முன்னால உக்காந்தா விடிஞ்சிரும். எல்லார் ஊட்டுலயும் என்ன சொல்லுவாங்க? திங்கலைன்னா டாக்டரு வந்து ஊசி போட்டுருவாருன்னுதான? நீங்களும் சொல்லுவீங்கதான? சும்மா வாய்ல சொன்னா இந்தக் காலத்துப் புள்ளைங்க நம்பறதில்லீங்க. நான் எதச் செஞ்சாலும் முழுசாச் செய்யற ஆளு. என்ற சினேகிதன் ஒருத்தன் போரு போடற ரிக் வண்டியில இருக்கறான். கல்லுப் பொடியத் தின்னு தின்னுக் கொரலு கட்டையாப் போச்சு. அவன் நம்பர "ஊசி டாக்டர்"னு போன்ல போட்டு வெச்சுக்கிட்டேன். அவ தட்டத் தள்ளினாப் போதும், போனப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, "டாக்டருங்களா, இங்க ஒரு புள்ள சோறு திங்க மாட்டேங்குது, கெளம்பி வர்றீங்களா?"ம்பேன். அவன் அந்தக் கட்டக் கொரல்ல, "இதோ வர்றேன், பெரிய ஊசி எடுத்துக்கறேன், வாயத் தொறந்து வெக்கச் சொல்லுங்க"ம்பான். பின்னால ரிக்கு பாறையத் தொளைக்கற சத்தம் கேட்டுட்டே இருக்கும். அதுவும் ஒரு பொருத்தமா அமஞ்சு போச்சு. ஒரு நிமிசத்துல தட்டு காலியாயிரும். எங்க ஊட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் அந்த நம்பரக் குடுத்திருக்கறேன்.

இதச் சொன்னதும் டாக்டரம்மா சிரிக்கும்னு பாத்தேன். சிரிக்கல. மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு என்னையவே பாத்துது. அப்பறம் எங்க பொண்ணுகிட்டத் திரும்பி, மெல்லமா, "அந்தப் போன்ல பேசறது நான் இல்ல கண்ணு. எங்கிட்ட அந்த மிசினும் இல்ல"ன்னுது. அவ நம்பல. எங்கிட்டக் கேட்டா, "நெசமாப்பா?"ன்னு. நான் என்னங்க சொல்றது? இல்லைன்னு சொல்லிட்டா அப்பறம் ராத்திரி சோறு எப்பிடி எறங்கும்? "அந்த டாக்டரு இன்னைக்கு லீவு தங்கம்"னேன். சமயோசிதமாத்தான சொன்னேன்?

எதுக்குங்க தம்பி எந்திரிக்கறீங்க? அக்கட்ட போனா ஃபேன் இல்லைன்னு சொன்னேனுங்களே. பையன் அழுகறானா? அழுகாத சாமி. இங்க இருக்கறது சின்ன மிசினுதா, பெருசு இல்ல. ஊசியுஞ் சின்னது. இத்தன நீளம் இல்ல சாமி, இத்தனதா. பாரு, மாமா வெரல்ல பாரு. மூஞ்சிய மூடிக்கிட்டானே. செரி, உக்காருங்க, கதைய முடிச்சுப் போடறேன்.

அதோட டாக்டரம்மா பொருளையெல்லாம் ஓரங்கட்டி வெச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்லுது, "நீங்க அடுத்த தடவ வெளியவே இருங்க." எனக்கு எப்பிடி இருந்திருக்கும். "ஏனுங்க, பெத்தவன் கூட இருக்கறது தப்புங்களா?"ன்னு நேராவே கேட்டுட்டேன். "இருக்கறது தப்பே இல்லீங்க"ங்குது. "எத்தனையோ அப்பா அம்மா வந்து பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கறாங்க. சின்னக் கொழந்தைங்களுக்கு அது வேணும். ஆனா வந்தாப் பேசாம இருக்கோணும், அழுகாம இருக்கோணும். உங்களால முடியாது."

பேசாம இருக்கறதுக்கு நான் என்ன செவுத்துல மாட்டின போட்டோவுங்களா? சொல்லுங்க.

அப்பறம் என்னைய உட்டுட்டு எங்க பொண்ணுகிட்டப் பேச ஆரம்பிச்சுது. "வலிச்சா எடது கையத் தூக்கு. தூக்கின ஒடனே நான் நிறுத்திருவேன். நீ தூக்கிப் பாரு"ங்குது. இவ தூக்கினா. மிசினு நின்னுது. மறுக்கா ஓட உட்டாங்க, மறுக்கா தூக்கினா, நின்னுது. இப்பிடியே வெளையாடிட்டு இருந்தாங்க. வைத்தியம் பாக்கற எடத்துல நோயாளி கையத் தூக்கினா டாக்டரு நிறுத்துவாராமா. என்ற மில்லுல செக்க அப்பிடி நிறுத்த முடியுமா. அன்னைக்கும் வேல ஆகல, வெளையாட்டோட சரி.

இன்னைக்குதா கடைசிங்க தம்பி. இன்னைக்கும் அவ வாயத் தொறக்கலைன்னா, கோயமுத்தூரு கூட்டீட்டுப் போயி முழுசா மயக்கங் குடுத்துத்தா பல்ல எடுக்கோணும்னு சொல்லிட்டாங்க. அத்தனூண்டுப் புள்ளைக்கு மயக்க மருந்து. அதுக்குத்தா நான் ஒரு முடிவோட வந்திருக்கறேன். எது நடந்தாலும் இன்னைக்கு அவளத் தனியா உள்ள உட மாட்டேன். ஊருக்கே கூட நின்னவன், என்ற சொந்தப் புள்ளைக்கு நிக்காமப் போனா அப்பறம் நான் எதுக்கு. பூங்கொடிகிட்ட நேத்தே சொல்லிப்போட்டேன்.

தருணிகான்னு கூப்புட்டுட்டாங்க. இருங்க தம்பி, போயிட்டு வந்தர்றேன். வந்தர்றேன்னா, உள்ள இருந்து வேல முடிஞ்சப்பறந்தா வருவேன். நம்ம பேச்ச மனசுல வெச்சுக்குங்க. உங்களையும் வெளிய நிறுத்தினா உட்டுக் குடுக்காதீங்க.

இல்லீங்க. போகல.

இந்தச் சேருல யாரும் வல்லீங்கள்ல? உக்காந்துக்கறேன்.

அங்க வாசல்ல பேசினது உங்களுக்குக் கேட்டுதுங்களா? பையன் அழுகையில கேட்டிருக்காது. நான் போயிக் கதவுகிட்ட நின்னுட்டு, "டாக்டரம்மா, நானும் வருவேன், பேச மாட்டேன், சத்தியமாப் பேச மாட்டேன்"னுதா சொன்னேன். சண்டைக்கு நிக்கல. அவங்களும் கோவிச்சுக்கல. "நான் முடிவு பண்ணல, தருணிகாவே சொல்லட்டும்"னுட்டுக் கீழ குனிஞ்சு, "உன்கூட யாரு வரோணும் கண்ணு, அப்பாவா, அம்மாவா, இல்ல நீயே வர்றயா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு பயமும் இல்லீங்க. என்ற பொண்ணு யாரச் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா. அவள எடுத்துத் தோள்ல போட்டுக்கலாம்னு கையக்கூட நீட்டிட்டேன்.

அவ என்னைய ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் அவங்கம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டா. புடிச்சுக்கிட்டு டாக்டரம்மாகிட்டச் சொல்றா, "அப்பா வந்தா அப்பாவ நாந்தா பாத்துக்கோணும். இன்னைக்கு என்னால முடியாது. எனக்குப் பல்லு வலிக்குது."

வலிக்குதுன்னு சொல்லிட்டாளுங்க தம்பி. எத்தன நாளா நான் கேட்டுட்டு இருக்கறேன், வலிக்குதா தங்கம், வலிக்குதா தங்கம்னு. ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லல. டாக்டரம்மாவ மூணு தடவதா பாத்திருக்கறா, அவங்ககிட்டச் சொல்றா. பல்லு எப்பப் புடிச்சு வலிக்குதுன்னு கேட்டாங்க. "ஊருல மாரியாத்தா நோம்பிக்கு முன்னால இருந்து"ன்னா. நோம்பி முடிஞ்சு எத்தன நாளாச்சு. அன்னைக்கு நான் அவளத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பொரியும் முறுக்கும் வாங்கி ஊட்டிட்டு இருந்தேன். தின்னுட்டுத்தா இருந்தா.

கதவச் சாத்தல பாருங்க. தொறந்துதா கெடக்குது. நான் எட்டிப் பாக்கலாம், யாரும் வேண்டாங்கல. பூங்கொடி கால்மாட்டுல உக்காந்து அவ பாதத்து மேல கைய வெச்சுட்டு இருக்கறா. புடிக்கல, சும்மா வெச்சிருக்கறா. மிசினு சத்தம் வருதுங்களா? இப்ப நின்னுருச்சு. கையத் தூக்கியிருப்பா. மறுக்கா வருது. அழுகற சத்தம் ஒண்ணும் கேக்கலீங்களே. உங்களுக்குக் கேக்குதா?

எனக்குக் கேக்கல தம்பி. கேட்டாலாச்சும் எந்திரிச்சுப் போயிருவேன்.

உங்க பையனக் கூப்புட இன்னும் நேரமிருக்குது. நீங்க எதாச்சும் பேசுங்க தம்பி. நான் கேக்கறேன்.